ரிவர்ஸில் வந்த மாப்பிள்ளை வீட்டார்

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் வேகமாகப் போனது. கார் போகவில்லை.

ஓசூரிலிருந்து கெலமங்கலம் போகும் சாலையில், வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று அவர்களை நிதானமாக முந்திச் சென்றது. வைக்கோலின் மேல் உட்கார்ந்திருந்த பெண், காருக்குள் பட்டுப்புடவையில் இருந்த கமலக்கண்ணனின் அம்மா லட்சுமியம்மாளைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

“என்ன மச்சான், டிராக்டரெல்லாம் நம்மளை ஓவர்டேக் பண்ணுது?” என்றார் முன் சீட்டில் இருந்த ராஜ்குமார்.

“நல்ல காரியத்துக்குப் போறோம் மாமா. நிதானமாப் போலாம்னு.”

“நிதானமாப் போறதுக்கு இன்ஜின் எதுக்கு இப்படிக் கத்துது?”

“எதிர்க்காத்து.”

ராஜ்குமார் வெளியே பார்த்தார். “மரத்துல ஒரு இலை ஆடல.”

ஓட்டிக்கொண்டிருந்த கமலக்கண்ணன் கியரை மாற்றிப் பார்த்தான். ராஜ்குமார் அவனுடைய அக்கா கணவர். ஓசூரில் ஒரு கியர் தொழிற்சாலையில் வேலை. அதனால் உலகத்தில் ஓடும் எல்லா வண்டிகளுக்கும் தானே தாய்மாமன் என்ற நினைப்பு. இந்தப் பழைய காரை வாங்க வேண்டாம் என்று முதலில் சொன்னவரும் அவர்தான். அவரிடம் மட்டும் உண்மையைச் சொல்ல முடியாது.

உண்மை இதுதான்: கிளட்ச் தேய்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மெக்கானிக் ரசூல் பாய் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கி, கையைத் துடைத்தபடியே தீர்ப்புச் சொல்லியிருந்தார். “பிளேட் சுத்தமா வழுக்கையாயிடுச்சு தம்பி. இன்ஜின் சுத்தும், ஆனா அந்தச் சுத்து சக்கரத்துக்குப் போய்ச் சேராது. பார்ட்ஸ் திங்கக்கிழமைதான் வரும். அதுவரைக்கும் சமமான ரோட்டுல மெதுவாப் போங்க. மேடு மட்டும் வேண்டாம். அஞ்சு பேரை ஏத்திக்கிட்டு மேடு ஏறினீங்கன்னா, நான் பொறுப்பில்ல.”

ஞாயிற்றுக்கிழமை கமலக்கண்ணன் போக வேண்டியது ஐந்து பேராக. போக வேண்டிய வீடு மேட்டின் உச்சியில்.

கமலக்கண்ணன் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தான். எதையும் டைரியில் எழுதி, ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்து, கடைசியில் மிஞ்சுவதைச் செய்வது அவன் வழக்கம். செய்த பிறகு அடித்தவற்றில் ஒன்றுதான் சரியோ என்று சந்தேகப்படுவதும் வழக்கம்தான். வெள்ளிக்கிழமையும் எழுதிப் பார்த்தான். தேதியை மாற்றலாமா? முடியாது, பார்க்கப் போகும் பெண் சுவாதியின் அப்பா மாரிசாமி ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் இரண்டு மாப்பிள்ளை வீட்டாரையும் பார்த்து, ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிடப் போகிறார். வாடகைக் கார் எடுக்கலாமா? அதுவும் முடியாது. இன்னொரு மாப்பிள்ளை வீட்டுக்கு ராயக்கோட்டையில் மாங்கூழ் ஆலை இருக்கிறது. அதற்கு எதிராக, தரகர் கமலக்கண்ணன் பக்கம் தடித்த எழுத்தில் போட்டிருந்த ஒரே தகுதி, ‘சொந்தக் கார்’.

சுவாதியும் அவனும் இரண்டு வருடமாக ஒரே மாலை நேர டிப்ளமோ வகுப்பு. இது தரகருக்கு மட்டும்தான் தெரியும். முந்தின நாள் அவள் போனில் தெளிவாகச் சொல்லியிருந்தாள்.

“எங்கப்பா ஒரு தடவை வாக்கு குடுத்துட்டா மாத்தவே மாட்டாரு. உங்களுக்கு மூணரை, அவங்களுக்கு நாலு. நாலரைக்கு ராகு காலம், அதுக்கு மேல யாரோடயும் பேச மாட்டாரு. எப்படியாவது முன்னாடி வந்து வாக்கு வாங்கிடு. கார்ல வா. கார்தான் உன் ஆலை.”

கெலமங்கலத்தில் பெரியம்மா நாராயணம்மா ஏறினார். காரின் பின்பக்கம் நான்கு அங்குலம் இறங்கியது. கமலக்கண்ணனின் மனம் எட்டு அங்குலம் இறங்கியது.

நாராயணம்மாவுக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. பெண் பார்க்க ஒற்றைப்படையில்தான் போக வேண்டும் என்பது முதல் சட்டம். மூன்று கூடாது, மூன்று பேர் போனால் விளங்காது. ஆகவே ஐந்து. இரண்டாவது, போகிற வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் அது சகுனம், அப்படியே திரும்பிவிட வேண்டும். இப்படி சூளகிரிப் பக்கம் ஒரு தடவை, பர்கூர்ப் பக்கம் ஒரு தடவை திரும்பியிருக்கிறார்கள். பர்கூரில் வண்டியை நிறுத்தியது போக்குவரத்துக் காவலர். அதுவும் சகுனம்தான் என்று நாராயணம்மா சொல்லிவிட்டார்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, என்னோட அஞ்சு” என்று தலைகளை எண்ணிவிட்டுத்தான் கதவைச் சாத்தினார். “எடுடா வண்டிய.”

வண்டி கிளம்பியது. கூடவே ஒரு கருகல் வாசனையும்.

“என்னமோ தீயுதே?”

“வயல்ல குப்பை எரிக்கிறாங்க பெரியம்மா. கண்ணாடிய ஏத்திக்குங்க.”

கண்ணாடிகள் ஏறின. இன்ஜினுக்குச் சுமை குறையட்டும் என்று கமலக்கண்ணன் மெல்ல ஏசியை அணைத்தான்.

“ஏன்டா ஏசிய நிறுத்தின?” என்றார் அப்பா வெங்கடப்பன். அவர் பேசுவது அபூர்வம். பயணம் என்றால் அவருக்குத் தூக்கம். வியர்வைதான் எழுப்பியிருந்தது.

“சளி பிடிச்சுக்கும்பா. நீங்கதானே அங்க பேசணும்.”

“நான் எங்கடா பேசப்போறேன், பெரியம்மா இருக்கறப்ப?”

தேன்கனிக்கோட்டை வருவதற்குள் வெங்கடப்பன் முகத்துப் பவுடர் கழுத்துக்கு வந்து, கழுத்திலிருந்து சட்டைக் காலருக்குப் போயிருந்தது. கருகல் வாசனை மட்டும் போகவில்லை. கிளட்சைக் கொஞ்சம் ஆறவிட வேண்டும். ஆனால் வண்டி நின்றால் சகுனம். காரணத்தோடு நிறுத்தினால்?

“அம்மா, பூ வாங்கணும்ல?”

“வாங்கிட்டோமேடா.”

“இன்னும் கொஞ்சம் இருந்தா நல்லதுதானே.”

பஸ் நிலையத்துக்கு எதிரே நிறுத்திப் பூ வாங்கினான். ஒரு கிலோமீட்டர் தாண்டி மறுபடி வாசனை வந்தது. மறுபடி பூ வாங்கினான். மூன்றாவது தடவை பூக்காரியே, “எத்தனை கல்யாணம்ணா?” என்று கேட்டாள். லட்சுமியம்மாள் மடியில் பதினெட்டு முழம் மல்லிகை சேர்ந்துவிட்டது.

“பொண்ணு பாக்கப் போறோமா, தேர் இழுக்கப் போறோமா?” என்றார் நாராயணம்மா.

மூன்றாவது பூக்கடையில் ராஜ்குமார் காரிலிருந்து இறங்கி அவன் பக்கத்தில் வந்து நின்றார். கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது.

“கிளட்ச் ஸ்லிப் ஆவுது.”

“மெதுவா பேசுங்க மாமா.”

“ஆவுதா, இல்லையா?”

“ஆவுது. பெரியம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. இந்த ஒரு இடம் மாமா. இது போனா எனக்கு வேற இடமே வேண்டாம்.”

அந்தக் கடைசி வாக்கியம் ராஜ்குமாரைக் கொஞ்சம் இளக்கியது. முழுதாக இல்லை. “சரி. இந்த வண்டிய வாங்காதேன்னு நான் அன்னைக்கே சொன்னேன்னு சொல்லு.”

“நீங்க அன்னைக்கே சொன்னீங்க.”

“அக்கா முன்னாடியும் சொல்லணும்.”

“அக்கா முன்னாடி ரெண்டு தடவை சொல்றேன்.”

ஒப்பந்தம் முடிந்தது.

மேட்டின் அடிவாரத்துக்கு வந்தபோது மணி மூன்று நாற்பது. ஒரு டீக்கடை. அதை ஒட்டி மேலே போகிற ஒற்றை வண்டிச் சாலை, ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். டீக்கடைக்குப் பின்னாலிருந்து இன்னொரு நடைபாதை, படிகளாக நேரே மேலே ஏறியது. கமலக்கண்ணன் சாலையைப் பார்த்தான். அது காரின் மூக்கை விட உயரமாக நின்றது. ஓரமாகப் போய் ரசூல் பாய்க்குப் போன் போட்டான். அவர் சிங்காரப்பேட்டையில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தார்.

“பாய், மேடு வந்துடுச்சு.”

“நான்தான் வேண்டாம்னேனே தம்பி!” பின்னால் யாரோ பிரியாணி கேட்டுக்கொண்டிருந்தார்கள். “எவ்ளோ தூரம்?”

“அரை கிலோமீட்டர் இருக்கும்.”

“சரி, ஆளுங்களை எறக்கிடுங்க. வண்டியத் திருப்பி ரிவர்ஸ்ல ஏத்துங்க. ஃபர்ஸ்ட் கியரை விட ரிவர்ஸ் கியருக்கு இழுவை ஜாஸ்தி. பாதியில மட்டும் நிறுத்திடாதீங்க. நின்னா முடிஞ்சுது.”

கமலக்கண்ணன் காரிடம் வந்தான். “மேல வண்டி நிறுத்த இடம் கம்மியாம். நீங்க மூணு பேரும் படி வழியா வந்துடுங்க. நானும் மாமாவும் வண்டியக் கொண்டாந்துடறோம்.”

நாராயணம்மாவின் கண் சுருங்கியது. “வண்டி நின்னு போச்சா?”

“நிக்கல பெரியம்மா. வண்டி போயிட்டேதான் இருக்கு. நீங்கதான் எறங்கி நடக்கறீங்க.”

நாராயணம்மா அதை மனதில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். சட்டத்தில் ஓட்டை தெரியவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

அதன்பிறகு அந்த ஊர் அதுவரை பார்த்திராத ஒன்றைப் பார்த்தது. மல்லிகை மணக்கும் ஒரு கார், மூக்கைக் கீழே வைத்துக்கொண்டு, பின்புறமாக மேடு ஏறியது. ராஜ்குமார் கார் கூடவே நடந்து கையை ஆட்டினார்.

“லெஃப்ட், லெஃப்ட்... என் லெஃப்ட் இல்ல மச்சான், உன் லெஃப்ட்!”

“வண்டி திரும்பியிருக்கு மாமா, எது என் லெஃப்ட்?”

“பள்ளம் இல்லாத லெஃப்ட்!”

முதல் வளைவு தாண்டியது. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் ஒதுங்கி நின்று பார்த்தன. இரண்டாவது வளைவில் வண்டியைத் திருப்பும்போது ஒரு கணம், ஒரே ஒரு கணம், கமலக்கண்ணனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. காலை மாற்றினான். இன்ஜின் அலறியது. பானெட் ஓரத்தில் நீலப் புகை எழுந்தது. கார் சாலைக்குக் குறுக்கே, பாறைக்கும் பள்ளத்துக்கும் நடுவில், கதவில் தாழ்ப்பாள் போட்டது போலக் கச்சிதமாக நின்றது.

ராஜ்குமார் ஓடிப்போய் டயருக்குக் கல் வைத்தார்.

அப்போது பின்னாலிருந்து, அதாவது இப்போது முன்னாலிருந்து, பெரிய வெள்ளை வண்டி ஒன்று ஏறி வந்து மூக்குக்கு மூக்கு நின்று ஹாரன் அடித்தது. உள்ளே கறுப்புக் கண்ணாடி. யாரும் இறங்கவில்லை. ஹாரன் மட்டும் இறங்கிவந்து சண்டை போட்டது.

“மணி நாலு ஆவப்போவுது. நீ ஓடு” என்றார் ராஜ்குமார். “இவங்களை நான் பாத்துக்கறேன்.”

“மாமா...”

“ஓடுன்னா ஓடு. ஆனா ஒண்ணு, இதையும் அக்கா முன்னாடி சொல்லணும்.”

கமலக்கண்ணன் பாறை இடுக்கில் ஏறி, படி வழியைப் பிடித்து ஓடினான். உச்சியில், சுவாதி வீட்டு வேலிக்கு இருபதடி முன்னால், மற்ற மூன்று பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். கமலக்கண்ணன் சட்டையின் முழங்கையில் கிரீஸ் அப்பியிருந்தது.

“வாங்க, உள்ள போலாம்.”

நாராயணம்மா கையை நீட்டித் தடுத்தார். “ராஜ்குமார் எங்க?”

“வண்டிகிட்ட இருக்காரு. வந்துடுவாரு.”

“வந்தப்புறம் போலாம்.”

“பெரியம்மா, மணி நாலு! நாலு மணிக்கு இன்னொரு கூட்டம் வந்துடும்!”

“ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.” விரல் ஒவ்வொரு நெஞ்சிலும் பதிந்தது. “நாலு பேர் போறது எதுக்குன்னு தெரியும்ல? அந்தக் காரியத்துக்கு நான் வரல.”

“நான் வேணும்னா கீழ போய்ப் படுத்துக்கட்டுமா?” என்றார் வெங்கடப்பன் ஆசையோடு.

“மூணு அதை விட மோசம்!” என்ற நாராயணம்மா, கோபத்தில் தெலுங்குக்கு மாறி ராமனையும் வெங்கடாசலபதியையும் மாறி மாறிக் கூப்பிட்டார்.

அந்த நேரத்தில் படி வழியாக ஒரு இளைஞன் மெதுவாக ஏறி வந்துகொண்டிருந்தான். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, நெற்றியில் சந்தனம், கையில் ஒரு காலி டீ கப். அதை எங்கே போடுவது என்று தெரியாமல் பத்திரமாக ஏந்தி வந்தான்.

நாராயணம்மா அவனைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். “தம்பி, எங்க போறீங்க?”

“சும்மா நடக்கறேங்க. எங்க ஆளுங்க ஒரு விசேஷமா வந்திருக்காங்க. அவங்க திரும்பி வர்ற வரைக்கும் டீக்கடையில இருக்கச் சொன்னாங்க. ஒரு டீ குடிச்சுட்டேன். இதுக்கு மேல உக்கார முடியல.”

“ஒரு அரை மணி நேரம் எங்களோட வந்து உக்காருப்பா. பொண்ணு பாக்கப் போறோம், ஒரு ஆள் குறையுது. பஜ்ஜி இருக்கும்.”

“நானாங்க? நான் யாருன்னே உங்களுக்குத் தெரியாதே.”

“தெரியணுமா என்ன? எண்ணிக்கைக்குத்தானே.”

அந்த இளைஞன் முகத்தில் ஏதோ ஒரு மாற்றம். “எண்ணிக்கையில என்னைச் சேத்துக்கறீங்களா?” என்று கேட்டான், பெரிய பதவி ஒன்று கொடுத்துவிட்டது போல.

“சேத்துக்காம? நீதான் அஞ்சாவது ஆளு. வா.”

டீ கப்பை வேலி ஓரம் வைத்துவிட்டு, தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டு அவனும் வந்தான்.

மாரிசாமி வாசலிலேயே நின்றிருந்தார். ரோஜா பயிரிடுகிறவர். வார்த்தையிலும் முள் இருக்கும் என்று சுவாதி சொல்லியிருந்தாள்.

“மூணரைன்னு சொன்னீங்க.”

“பூ வாங்க நேரமாயிடுச்சுங்க” என்றார் லட்சுமியம்மாள், பதினெட்டு முழத்தையும் சாட்சிக்கு நீட்டியபடி.

ரோஜா பயிரிடுகிறவர் மல்லிகையைப் பார்த்தார். பிறகு அந்த இளைஞன் பக்கம் திரும்பினார். “இவரு?”

“என் தம்பி மகன், அஸ்வின்” என்றார் நாராயணம்மா, பேரைக் கேட்க மறந்ததைக் காட்டிக்கொள்ளாமல். புதுப் பேர் கிடைத்தவன் மரியாதையாகக் கும்பிட்டான்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

“கார்ல வர்றதா சொன்னாங்க. கார் எங்க?” என்றார் மாரிசாமி.

“கீழ... நிறுத்தியிருக்கேங்க” என்றான் கமலக்கண்ணன்.

“ஏன், இங்கயே எடம் இருக்குதே. நாலு வண்டி நிக்கலாம்.”

அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து ஹாரன் சத்தம் நீளமாக வந்தது. மாரிசாமி காதைக் கூர்மையாக்கினார்.

“எவனோ ரோட்டை அடைச்சுட்டு நிக்கறான் போல. அறிவு வேணும்.”

“ஆமாங்க” என்றான் கமலக்கண்ணன் ஒப்புதல் வாக்குமூலம் கொடுக்கும் குரலில்.

சுவாதி காபித் தட்டோடு வந்தாள். கமலக்கண்ணனை முன்பின் பார்த்திராத முகத்தை வைத்துக்கொண்டு, அவன் முழங்கையில் இருந்த கிரீஸைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கினாள். தட்டில் காபி அலையடித்தது.

“நான் எதையும் மறைக்கறதில்ல” என்றார் மாரிசாமி. “நாலு மணிக்கு இன்னொரு எடம் வர்றாங்க. ராயக்கோட்டை. மாங்கூழ் ஆலை வச்சிருக்காங்க. ஆலையோட போட்டோ மட்டும் பதினாலு அனுப்பியிருக்காங்க. பையன் போட்டோ ஒண்ணு கூட வரல.”

ஐந்தாவது ஆளுக்குப் பஜ்ஜி தொண்டையில் சிக்கியது. லட்சுமியம்மாள் அவன் தலையில் தட்டினார். சுவாதி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“நல்ல வசதியான எடம்” என்று தொடர்ந்தார் மாரிசாமி. “எனக்கு அங்கதான் மனசு சாயுது. இருந்தாலும் நீங்க வந்திருக்கீங்க, சொல்லுங்க. உங்க பையன் எப்படி?”

வெங்கடப்பன் வாயைத் திறந்தார். நாராயணம்மா பேசினார். பேரன் பேத்தி வரை பேசினார். மாரிசாமி கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு இருபது.

“பெத்தவங்களும் பெரியவங்களும் நல்லதாத்தான் சொல்லுவாங்க.” அவர் திரும்பினார். “நீங்க சொல்லுங்க தம்பி. வயசுப் பையன், ஒளிச்சுப் பேச மாட்டீங்க. அந்த ஆலைக்காரங்களை விட்டுட்டு இவருக்கு நான் எதுக்காகப் பொண்ணு குடுக்கணும்?”

அவர் விரல் ஐந்தாவது ஆளை நோக்கி இருந்தது.

கமலக்கண்ணனுக்குக் கிளட்ச் போன கார் போல உள்ளே எல்லாம் வெறுமனே சுற்றியது. அவன் வாழ்க்கை, பேர்கூடத் தெரியாத, பாதி பஜ்ஜி கையில் வைத்திருக்கிற ஒருவனிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

அந்த இளைஞன் பஜ்ஜியைத் தட்டில் வைத்தான். கையைத் துடைத்தான். சுவாதியைப் பார்த்தான். சுவாதி அவனைப் பார்க்கவில்லை. அவள் கண் கமலக்கண்ணன் மேல் இருந்தது, பரீட்சை முடிவு ஒட்டிய பலகையைப் பார்ப்பது போல. அதை அவன் கவனித்தான். சட்டைப் பையில் அதிர்ந்துகொண்டிருந்த போனை எடுத்துப் பார்த்தான். ஏதோ கம்பெனி விளம்பரம். அணைத்து உள்ளே வைத்தான்.

“என்னைக் கேக்கறீங்களாங்க?”

“உங்களைத்தான்.”

“அந்த ஆலைக்காரங்களை எனக்குத் தெரியுங்க. கெட்டவங்க இல்ல. ஆனா அந்த வீட்டுல யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. சாப்புட்டியான்னு கேப்பாங்க, என்ன வேணும்னு கேக்க மாட்டாங்க.” கொஞ்சம் நிறுத்தினான். “இவங்க அப்படி இல்லைங்க. வழியில போற ஆளைக்கூட எண்ணிக்கையில சேத்துக்குவாங்க. உங்க பொண்ணையும் சேத்துக்குவாங்க. முடிச்சிடுங்க.”

மாரிசாமி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளைப் பார்த்தார். அதுவரை அவரும் அவளைக் கேட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது போலிருந்தது.

“நீ என்ன சொல்றம்மா?”

“இவரு சொல்றதுதாம்ப்பா” என்றாள் சுவாதி.

மணி நான்கு இருபத்தைந்து. மாரிசாமியின் போன் அடித்தது. எடுத்துக் கேட்டார். முகம் இறுகியது. “சரிங்க. சந்தோஷம்” என்று வைத்தார்.

“ஆலைக்காரங்க. பாதி மேட்டுல நிக்கறாங்களாம். அஞ்சு நிமிஷத்துல ராகு காலம் வந்துடும், இன்னொரு நல்ல நாள் பாத்து வர்றோம்னு சொல்றாங்க. எறங்கி நடந்தா பத்து நிமிஷம். நடக்க முடியல.” வெங்கடப்பனின் வியர்வையில் நனைந்த காலரைப் பார்த்தார், நாராயணம்மா முட்டியைத் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். “நீங்க லேட்டா வந்தாலும் ஏறி வந்தீங்க. வெத்தலைத் தட்டை எடும்மா.”

நான்கு இருபத்தொன்பதுக்கு வாக்கு கைமாறியது.

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடலாம் என்று கமலக்கண்ணன் வாயைத் திறந்தான். “கார் விஷயம் ஒண்ணு...”

நாராயணம்மா அவன் தொடையில் கிள்ளினார். “வாகனத்துக்கு என்னடா, அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

திரும்பும்போது யாரும் படி வழியைத் தேடவில்லை. ஐந்து பேரும் சாலையிலேயே இறங்கினார்கள். இரண்டாவது வளைவில் கார் அப்படியே குறுக்கே நின்றது. ராஜ்குமார் பானெட்டில் சாய்ந்துகொண்டு, போரில் வென்றவர் போல நின்றார். எதிரே சாலை காலி.

“முடிஞ்சுது மாமா! வாக்கு குடுத்துட்டாரு!”

“இங்கயும் முடிஞ்சுது. அரை மணி நேரம் ஹாரன் மச்சான். ஒரு அம்மா கண்ணாடிய எறக்கி என்னைத் திட்டுச்சு பாரு, எங்க ஃபோர்மேன் கூட அப்படித் திட்டினதில்ல. சாயங்காலமானா இது யானை வர்ற வழின்னு ஆடு மேய்க்கறவர் வேற சொல்லிட்டுப் போறாரு. நான் அசையல. நாலரைக்கு அவங்களாவே ரிவர்ஸ்ல எறங்கிப் போயிட்டாங்க. வண்டி நெத்தியில இந்தப் பெருசுக்கு எழுதியிருக்கு, மாங்கூழ் ஆலைன்னு.”

கமலக்கண்ணன் நின்றான். “என்ன எழுதியிருந்துச்சு?”

“மாங்கூழ் ஆலை. ராயக்கோட்டை.”

காலையிலிருந்து எந்தக் கிளட்சைச் சபித்தானோ, அந்தக் கிளட்ச்தான் தாழ்ப்பாளாக நின்று ஆலையையே மறித்திருக்கிறது. கமலக்கண்ணன் பானெட்டைத் தொட்டான். இன்னும் சூடாக இருந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

“திங்கக்கிழமை பிளேட்டை மாத்தினா பழசைத் தூக்கிப் போட்டுடாதடா” என்றார் வெங்கடப்பன். “பூஜை ரூம்ல எடம் இருக்கு.”

நாராயணம்மா மிச்சமிருந்த மல்லிகையில் இரண்டு முழத்தைக் கிள்ளிக் காரின் கண்ணாடிக்குச் சுற்றினார். வண்டி நின்றதை அவர் பார்க்கவில்லை என்று முடிவு செய்துவிட்டார்.

“அந்த வெள்ளை வண்டி போயிடுச்சாங்க?” என்று மெதுவாகக் கேட்டான் ஐந்தாவது ஆள். போனை மறுபடி உயிர்ப்பித்துப் பார்த்தான். ஒரு மிஸ்டு கால் கூட இல்லை. ஆச்சரியப்படாமல் பைக்குள் வைத்தான்.

கமலக்கண்ணன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். “நீங்க இல்லன்னா இன்னைக்கு ஒண்ணும் நடந்திருக்காது. கல்யாணத்துக்குக் கண்டிப்பா வரணும். இப்ப உங்களை எங்க விடட்டும்? வண்டி ஓடாது, ஆனா கீழ வரைக்கும் உருளும். அங்கிருந்து பஸ் ஏத்தி விடறேன்.”

“ராயக்கோட்டைங்க.”

“ராயக்கோட்டையா?” என்றார் நாராயணம்மா. “அவ்ளோ தூரத்துலருந்து வந்தவன், அந்த டீக்கடையில உனக்கு என்னப்பா வேலை?”

அவன் வெட்கத்தோடு சிரித்தான்.

“வண்டியில ஆறு பேர் ஆயிட்டோம் பெரியம்மா, ஒத்தைப்படை வேணும்னு எங்க அத்தைதான், ‘மாப்பிள்ளை இன்னொரு நாள் வந்து பொண்ணைப் பாத்துக்கலாம், நீ எறங்கு’ன்னு என்னை அங்க விட்டுட்டுப் போனாங்க.”